தாலியும் தோம்பும்: தீவகத்து விவாகத்தில் அரசின் கை

நம் தீவகத்திலே நடைபெறும் ஒரு கல்யாணத்தை மனக்கண்முன் கொண்டு வாருங்கள். பொன்னுருக்கி, கன்னிக்கால் நாட்டி, முளைப்பாலிகை இட்டு, பந்தலிலே அரசாணி நிறுத்தியாயிற்று. குருக்கள் அக்கினி வளர்த்து மந்திரம் ஓதுகின்றார். கூறையைப் பெற்றுச் சென்ற மணமகள் அதனை உடுத்து வந்து மணவறையில் அமர்கின்றாள். மேளம் முழங்க மணமகன் தாலி கட்டுகின்றான். கூடியிருப்போர் அறுகும் அரிசியும் இட்டு வாழ்த்துகின்றனர். இவ்வளவும் நிறைவேறிய பின்னர், பந்தலின் ஒரு பக்கத்திலே சிறு மேசையொன்றின் முன்னமர்ந்து, பெரிய பதிவேடொன்றை விரித்து வைத்துக்கொண்டு ஒருவர் காத்திருக்கின்றார். அவரே விவாகப் பதிவாளர். சில வீடுகளில் இந்தக் காரியம் முன்னொரு நாளிலேயே முடிந்துவிட்டிருக்கும்.

இக்காட்சியைக் காணும் முதியோர் சிலர், "கல்யாண வீட்டிலே அரசாங்கத்துக்கு என்ன அலுவல்? நாங்கள் ஊரறியக் கட்டிவைத்தால் போதாதோ?" என்று கேட்பதுண்டு. இளைஞர் சிலரோ, "கையெழுத்து வைத்தால் காரியம் முடிந்ததுதானே, பிறகேன் இத்தனை சடங்கு?" என்று கேட்கின்றனர். இரண்டு கேள்விகளும் ஒரே வினாவின் இரு முகங்கள். விவாகம் இன்னதென்று வரையறுக்கும் உரிமை யாருக்குரியது? குடும்பத்துக்கா, சமயத்துக்கா, அரசுக்கா? இவ்வினாவுக்கு விடை தேட நாம் தொலைவிலுள்ள நாடுகளுக்குப் போகவேண்டியதில்லை. நெடுந்தீவிலிருந்து ஊர்காவற்றுறை வரையுள்ள இந்தச் சிறு தீவுகள் மூன்று அந்நிய அரசுகளின் கீழும் அவற்றின் பின்னருமாக நானூறு ஆண்டுகள் இவ்வினாவோடு வாழ்ந்து வந்திருக்கின்றன. அவ்வரலாற்றை நம் சங்கத்து இளைஞரும் பெரியோரும் ஒருங்கிருந்து ஒருமுறை எண்ணிப் பார்ப்பது நன்று.

பழைய வழக்கு

விவாகச் சடங்கு எப்படித் தோன்றியது என்பதற்குத் தொல்காப்பியம் ஒரு காரணம் கூறுகின்றது. காதலித்தோர் பின்னர் இல்லையென்று மறுக்கும் பொய்ம்மையும், ஏற்றுக்கொண்ட நெறியினின்றும் வழுவுதலும் உலகிலே தலைகாட்டின. அதன் பின்பே மூத்தோர் சடங்கை வகுத்தனர் என்பது அந்நூலின் கருத்து. அந்தக் காரணத்தை நாம் ஊன்றிக் கவனித்தல் வேண்டும். சடங்கு வந்தது அழகுக்காக மாத்திரமன்று. பின்னொரு நாள் ஒருவன், "இவள் என் மனைவி அல்லள்" என்று சொல்ல முடியாதபடி பலர் முன்னிலையிலே கட்டுப்படுத்துவதற்காகவும் வந்தது. சுருங்கச் சொன்னால், சடங்கும் ஒருவகைச் சாட்சியே. சாட்சியாக நின்றவர்கள் உற்றாரும் ஊராரும். அரசனுடைய அலுவலர் எவரும் அங்கே இல்லை.

இவ்வழக்கம் யாழ்ப்பாணத்திலே எவ்வளவு ஊன்றியிருந்தது என்பதைத் தேசவழமையிலிருந்து அறியலாம். பிள்ளையில்லாதோர் ஒரு பிள்ளையைத் தத்தெடுக்கும்போது உறவினர் முன்னிலையில் மஞ்சள் தண்ணீர் குடிக்கவேண்டுமென்றும், ஊர்ச் சலவைத் தொழிலாளியும் நாவிதரும் அவ்விடத்திலே சாட்சியாக இருக்கவேண்டுமென்றும் அதிலே கூறப்பட்டிருக்கின்றது. ஏடும் எழுத்தாணியும் சிலர் கையிலேயே இருந்த காலத்தில் ஊரே பதிவேடாக இருந்தது. கல்யாணமும் அத்தகையதே. யார் வந்தார், யார் உண்டார், யார் எந்தக் கடமையைச் செய்தார் என்பதெல்லாம் மக்கள் நினைவிலே பதிந்திருந்தன.

அந்நியர் கொண்டுவந்த ஏடு

1619ஆம் ஆண்டிலே யாழ்ப்பாண அரசு போர்த்துக்கேயர் கைப்பட்டது. நயினாதீவு நாகபூஷணி அம்பாள் கோயில் அதற்கடுத்த ஆண்டளவில் இடிக்கப்பட்டது என்பர். கோயில்கள் இருந்த ஊர்களிலே தேவாலயங்கள் எழுந்தன. ஞானஸ்நானமும் விவாகமும் அங்கே நடைபெறலாயின. காணி, குடி, வரி முதலியவற்றை எழுதிவைத்த இடாப்புக்குப் போர்த்துக்கேயர் வழங்கிய பெயரிலிருந்தே 'தோம்பு' என்னும் சொல் நம் தமிழுக்கு வந்தது. நம்மவர் வாழ்க்கையை அரசு ஏட்டிலே எழுதத் தொடங்கிய காலத்தை அச்சொல் இன்றும் நினைவூட்டுகின்றது.

1658இல் போர்த்துக்கேயரை வென்ற ஒல்லாந்தர் இந்த ஏட்டு முறையை மேலும் இறுக்கினர். காணித் தோம்பு, தலைத் தோம்பு என்பனவற்றோடு பள்ளித் தோம்பும் வந்தது. ஒவ்வொரு தேவாலயத்தையும் சார்ந்து ஒரு பள்ளிக்கூடம் இருந்தது. அப்பள்ளிக்கூடத்து உபாத்தியாயரே அவ்வட்டாரத்துப் பிறப்பு, ஞானஸ்நானம், விவாகம், இறப்பு யாவற்றையும் பதிந்துவந்தார். ஞானஸ்நானம் பெற்றுத் தேவாலய முறைப்படி மணஞ்செய்து ஏட்டிலே பெயர் பதிந்தோரின் விவாகமே ஆட்சியாளர் கண்ணில் விவாகம். முதலியார் முதலிய அரசாங்க உத்தியோகங்களும் அவர்கள் சமயத்தைச் சார்ந்தோர்க்கே என்பது சட்டம். பெற்றார் விவாகம் பதியப்படாவிடின் பிள்ளைகளின் முதுச உரிமைக்கே ஊறு நேரும் நிலை.

நம் முன்னோர் என் செய்தனர்? காணியையும் பிள்ளைகளின் உரிமையையும் காத்தற்பொருட்டு ஆலயத்திலே சென்று பெயர் பதிந்தனர். வீட்டுக்கு வந்து, கதவைச் சார்த்திக்கொண்டு, தம் குலமுறைப்படி தாலி கட்டினர். ஒரே தம்பதிக்கு இரண்டு விவாகம். ஒன்று ஏட்டுக்கு, மற்றையது மனத்துக்கு. அக்காலத்து ஒல்லாந்தப் போதகர்களே இதனை அறிந்திருந்தனர். சுதேசிகளின் கிறித்தவம் பெயரளவினது என்று அவர்கள் குறைபட்டெழுதினர். ஆனால் அக்குறைக்குக் காரணம் யார்? மனம் ஒப்பாத ஒன்றைச் சட்டத்தினால் ஒப்புக்கொள்ளச் செய்தால் பொய்யே விளையும். பொய்யைத் தடுப்பதற்காக எழுந்த சடங்கு, அரசின் கையிலே பொய்யை வளர்ப்பதற்கு ஏதுவாயிற்று.

இந்துக்கள் மாத்திரம் இத்துன்பத்தை அனுபவித்தனர் என்று நாம் எண்ணலாகாது. கத்தோலிக்கருக்கும் அதே கதிதான். அவர்களுடைய குருமாருக்கு இடங்கொடுப்பதே ஒல்லாந்தர் ஆட்சியிலே பெருங்குற்றமாக இருந்தது. 1687இல் கோவையிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு வந்த யோசேப் வாஸ் அடிகள் மறைந்து திரிந்தே தம் மக்களுக்குப் பணிசெய்தார். இங்கே கோவை என்றது கொங்குநாட்டு நகரையன்று, மேற்குக்கரையிலுள்ள கோவாவையே. ஊர்காவற்றுறையிலே நம் அயலிலே வாழும் கத்தோலிக்க அன்பர்களின் முன்னோரும் நம் முன்னோரும் ஒரே நுகத்தின் கீழே இருந்தவர்கள் என்பதை நாம் மறவாதிருத்தல் வேண்டும்.

இதிலே வியப்பொன்றுண்டு. ஒல்லாந்தர் தங்கள் சொந்த நாட்டிலே இப்படிச் செய்யவில்லை. ஒல்லாந்து மாநில மன்றம் 1580ஆம் ஆண்டிலே இயற்றிய சட்டத்தின்படி, அரச சமயத்தைச் சாராதவர்கள் நீதவான் முன்னிலையிலே விவாகஞ் செய்துகொள்ளலாம். தேவாலயத்துக்குப் போகவேண்டுமென்ற கட்டாயம் இல்லை. தன் வீட்டு வாசலிலே திறந்து வைத்த கதவை, கடல்கடந்து வந்து நம் வீட்டு வாசலிலே சார்த்திவிட்டனர்! ஆங்கில நாட்டின் கதையோ வேறு. அங்கே 1753ஆம் ஆண்டுச் சட்டம், யூதரும் குவேக்கர் என்னும் சபையாரும் நீங்கலாக, எல்லாரும் இங்கிலாந்துத் திருச்சபை ஆலயத்திலேயே மணஞ்செய்யவேண்டுமென்று விதித்தது. ஆங்கிலக் கத்தோலிக்கரும் மற்றைச் சபையாரும் தாம் நம்பாத ஆலயத்திலே போய் நின்றனர். 1836இலேதான் பதிவாளர் முன்னிலையில் மணஞ்செய்யும் உரிமை அவர்களுக்கு வந்தது. ஆகவே, அரசு புரோகிதர் வேலையைத் தன் கையிலெடுத்தால் அந்தத் தொல்லை எந்நாட்டவரையும் விடாது என்பது தெளிவு.

ஒல்லாந்தர் நம் தீவுகளுக்குத் தங்கள் நகரங்களின் பெயர்களைச் சூட்டினர். வேலணை, ஊர்காவற்றுறைப் பகுதி லெய்டன் ஆயிற்று. புங்குடுதீவு மிடில்பேர்க், நயினாதீவு ஹார்லெம், அனலைதீவு ரொட்டர்டாம், காரைதீவு அம்ஸ்ரர்டாம். இப்பெயர்களை இன்று யார் அறிவார்? நெடுந்தீவின் 'டெல்ப்ற்' ஒன்றே ஆங்கில வழக்கிலே எஞ்சியது. அவர்கள் ஏட்டிலே எழுதிய விவாக முறையும் அவ்வாறே கரைந்துபோயிற்று. நயினை அம்பாள் கோயில் 1788இல் மீண்டும் எழுந்தபோது, கதவைச் சார்த்திக்கொண்டு காத்துவைத்த வழக்கங்கள் வெளிச்சத்துக்கு வந்தன.

தேசவழமை

ஒல்லாந்தர் செய்தவற்றுள் இன்றுவரை நிலைத்துநிற்பது வேறொன்று. தேசாதிபதி கோர்னேலிஸ் யோவான் சைமன்ஸ் என்பவரின் கட்டளைப்படி, யாழ்ப்பாணத்திலே நெடுங்காலம் வாழ்ந்த கிளாஸ் ஈசாக்ஸ் என்னும் திசாவை நம் நாட்டு வழக்கங்களைத் தொகுத்தார். 1706இல் கட்டளை பிறந்தது; 1707இல் தொகுப்பு நிறைவேறியது. அதனைத் தமிழிலே பெயர்த்துப் பன்னிரண்டு முதலியார்களிடம் காட்டி, சரியென்று அவர்கள் ஒப்புக்கொண்ட பின்னரே ஏற்றுக்கொண்டனர். அதுவே தேசவழமை.

விவாகத்தைச் சார்ந்து எழும் சீதனம், முதுசம், தேடியதேட்டம் என்னும் மூவகைப் பொருள்களைப் பற்றியே தேசவழமை விரிவாகப் பேசுகின்றது. எந்தச் சடங்கினால் ஒருவர் கணவன் மனைவியாவர் என்று அது வரையறுக்க முற்படவில்லை. மணமுறையிலே கை வைத்த அதே ஆட்சி, பொருள் முறையிலே மக்களிடம் கேட்டு எழுதியது. மக்களிடம் கேட்டு எழுதியது நின்றது; மக்கள்மேல் சுமத்தியது போயிற்று.

ஆயினும், பழமையென்ற ஒரே காரணத்துக்காகத் தேசவழமையை முற்றும் போற்றுவது நேர்மையாகாது. அந்நூலிலே அடிமைகளைப் பற்றிய பகுதியும் உண்டு. ஒருவருடைய அடிமை இன்னொருவருடைய அடிமைப் பெண்ணை மணந்தால், பிறக்கும் பிள்ளைகள் அப்பெண்ணின் எசமானுக்கு உரியர் என்பது அதன் விதி. பெற்ற தகப்பனுக்கு உரிமையில்லை. சுமந்த தாய்க்கும் இல்லை. அந்த வழக்கத்துக்குச் சரியென்று தலையசைத்தவர்களும் நம்மவர்களே. இலங்கையிலே அடிமைமுறை முற்றாக ஒழிந்தது 1844ஆம் ஆண்டுச் சட்டத்தினால். அதன் பின்பும் நூறாண்டுக்கு மேலாக, 'இன்ன சாதியார் கல்யாணத்திலே மேளம் அடிக்கலாகாது, இன்னார் இன்ன நகை அணியலாகாது' என்னும் ஊர்க்கட்டுப்பாடுகள் யாழ்ப்பாணத்திலே வழங்கின. ஊர்தான் சாட்சி என்று மேலே பெருமையோடு சொன்னோம். அந்த ஊரே சிலருக்குச் சாட்சி சொல்ல மறுத்ததும் உண்டு. 'விவாகத்தைச் சமூகத்திடமே முற்றாக விட்டுவிடுங்கள்' என்று சொல்வோர் இந்தப் பக்கத்தையும் படித்தல் வேண்டும்.

ஆங்கிலேயர் சட்டங்கள்

1795இல் யாழ்ப்பாணம் ஆங்கிலேயர் வசமாயிற்று. 1806ஆம் ஆண்டின் ஒழுங்குவிதி ஒன்று கத்தோலிக்கர்மேல் ஒல்லாந்தர் விதித்திருந்த தடைகளை நீக்கி, தங்கள் சமய முறைப்படி அவர்கள் செய்த விவாகங்களைச் சட்டபூர்வமானவை என்று ஏற்றது. அதே ஆண்டின் 18ஆம் இலக்க ஒழுங்குவிதி தேசவழமைக்குச் சட்ட வலுவளித்தது. பின்னர் 1822, 1847, 1863, 1895 ஆகிய ஆண்டுகளிலே விவாகப் பதிவு பற்றிய சட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. 1907ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க விவாகப் பதிவுச் சட்டமே, பல திருத்தங்களோடு, இன்றும் நம்மை ஆள்வது. கண்டிச் சட்டத்தின்படி மணப்போர்க்கும் முஸ்லிம்களுக்கும் வேறு சட்டங்கள் உள்ளன.

1907ஆம் ஆண்டுச் சட்டத்திலே நாம் கருத்திற்கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. பதிவேட்டிலே எழுதப்பட்ட பதிவு, விவாகத்துக்கு மிகச் சிறந்த சான்று என்று அது கூறுகின்றது. பதிவு இல்லையேல் விவாகமே இல்லையென்று அது கூறவில்லை. ஆதலின், தாலி கட்டிக் கூறை கொடுத்து வழக்கப்படி நடந்த கல்யாணங்களை, பதியப்படாதவையாயினும், நீதிமன்றங்கள் சாட்சிகளைக் கேட்டு ஏற்றுவந்திருக்கின்றன. 1881ஆம் ஆண்டிலே இலங்கைத் தமிழ்க் குடும்பமொன்றின் வழக்கு இலண்டனிலுள்ள பிரிவி கவுன்சில் என்னும் கோமறை மன்றம் வரை சென்றது. ஆணும் பெண்ணும் கணவன் மனைவியராக வாழ்ந்தமை நிறுவப்பட்டால், அதற்கு மாறான தெளிந்த சான்று இல்லாதவிடத்து, அவர்கள் முறைப்படி மணந்தவர்கள் என்றே சட்டம் கொள்ளும் என்று அம்மன்றம் தீர்த்தது. ஒரு பெண்ணின் மானத்தையும் அவள் பிள்ளைகளின் உரிமையையும் ஒரு தாளின் குறைவினாலே பறிக்கலாகாது என்பதே அத்தீர்ப்பின் பயன்.

இந்த நிதானம் இல்லாதவிடத்து என்ன நேரும் என்பதைக் கண்டி நாடு கண்டது. 1859ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கச் சட்டம், ஒருத்திக்குப் பல கணவர் இருக்கும் வழக்கத்தை ஒழித்ததோடு, பதியப்படாத விவாகம் செல்லாது என்றும் விதித்தது. மலைநாட்டு மக்கள் பதிவாளரைத் தேடிப் போகவில்லை. தங்கள் வழக்கப்படியே மணந்தனர். அதன் விளைவாகப் பெருந்தொகையான குடும்பங்கள் சட்டத்தின் கண்ணிலே முறையற்றனவாயின. குற்றமறியாக் குழந்தைகள் முறைகேடாய்ப் பிறந்தோர் என்னும் பெயரைச் சுமந்தனர். பதினோராண்டுக்குள், 1870இல், அரசு வேறொரு சட்டம் இயற்றி நிலைமையைச் சீர்செய்ய வேண்டியதாயிற்று.

ஆங்கிலேயர் சட்டத்திலும் ஓரவஞ்சனை இருந்தது. 1907ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஐரோப்பியர், பறங்கியர் ஆகியோரின் புதல்விக்கு விவாக வயதெல்லை பதினான்கு. மற்றைப் பெண்களுக்கோ பன்னிரண்டு. நம் பெண்குழந்தைகள் இரண்டாண்டு முந்தியே முதிர்ந்துவிடுகின்றனரோ? சமயத் தலைவரும் சமூகத் தலைவரும் இதனை எதிர்த்துப் பெருங்குரல் எழுப்பியதாகவும் நாம் பெருமை கொள்ள முடியாது. அந்த எல்லை ஆண் பெண் இருபாலார்க்கும் பதினெட்டாக உயர்ந்தது 1995ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்தினாலேயே. இங்கே அரசு தலையிட்டது சரியா பிழையா? பன்னிரண்டு வயதுச் சிறுமியின் பக்கத்திலே நின்று பார்ப்போர்க்கு ஐயமே எழாது.

அக்கரையிலே நடந்தது

இந்துக்களுக்கு விவாகம் எது என்பதை அரசு வரையறுக்கும்போது, பழைய சடங்கையே சட்டமாக்கினால் என்ன என்று சிலர் கேட்கலாம். அதற்கும் ஒரு படிப்பினை தமிழ்நாட்டிலே உண்டு. புரோகிதரும் மந்திரமும் இன்றிச் சுயமரியாதைத் திருமணம் என்னும் முறையிலே பல்லாயிரவர் அங்கே மணந்துகொண்டனர். 1953ஆம் ஆண்டிலே சென்னை உயர்நீதிமன்றம் அத்தகைய மணம் சட்டப்படி செல்லாது என்று தீர்த்தது. ஊரறிய மணந்து, பிள்ளை பெற்று, ஆண்டுகள் பல வாழ்ந்த பெண்கள் ஒரே நாளிலே நிலையிழந்தனர். 1967ஆம் ஆண்டிலே அண்ணாதுரை அவர்களின் அரசு இந்து விவாகச் சட்டத்துக்குத் திருத்தம் கொண்டுவந்தது. உற்றார் நண்பர் முன்னிலையிலே ஒருவரையொருவர் ஏற்றுக்கொள்வதாக மொழிந்தோ, மாலை மாற்றியோ, மோதிரம் அணிவித்தோ, தாலி கட்டியோ செய்யும் மணம் செல்லும் என்றும், முன்னர் அவ்வாறு நடந்தனவும் செல்லும் என்றும் அச்சட்டம் கூறிற்று.

நாம் சைவ மரபிலே நிற்பவர்கள். அக்கினி சாட்சியாக, இறைவன் திருமுன் நடைபெறும் மணமே நமக்கு உவப்பானது. ஆயினும், நம் சடங்கை ஏற்காத இன்னொருவனுடைய மனைவி சட்டத்தின் முன் மனைவியாகாள் என்று சொல்ல நமக்கு உரிமை உண்டோ? ஒல்லாந்தர் நமக்குச் செய்ததும் அதுதானே. நாம் பட்ட துன்பத்தைப் பிறர்க்கு இழைப்பது நம் சமயத்துக்குப் பெருமை சேர்க்காது.

நம் கண்முன் நடந்தது

இனி நம் காலத்துக்கு வருவோம். 1990, 1991ஆம் ஆண்டுகளிலே போர் காரணமாகத் தீவக மக்களிற் பெருந்தொகையினர் வீடுவாசலை விட்டுப் புறப்பட்டனர். உடுத்த உடையோடு போனோர் பலர். காணி உறுதி, பிறப்புச் சான்றிதழ், விவாகச் சான்றிதழ் எல்லாம் வீடுகளோடு அழிந்தன. போரிலே கணவனை இழந்த பெண், அகதியாய்ச் சென்ற இடத்திலே, "உமது விவாகப் பதிவு எங்கே?" என்ற கேள்விக்கு முன்னால் நின்றாள். தாலி கழுத்திலே இருந்த காலத்திலே எவரும் கேளாத கேள்வி அது. கல்யாணத்துக்குச் சாட்சியாய் நின்ற ஊரோ வன்னியிலும், கொழும்பிலும், இந்திய முகாமிலும், கனடாவிலும் சிதறிக் கிடந்தது. ஊரே பதிவேடாக இருந்த முறை அன்றைக்குத் தோற்றது. பதிந்திருந்தவளுக்கு எங்கோ ஒரு கந்தோரிலே ஒரு பிரதி எஞ்சியிருந்தது. பதியாதவளுக்கு எஞ்சியது கண்ணீரே.

போர் முடிந்தபின் 2010ஆம் ஆண்டிலே இறப்புப் பதிவு பற்றிய தற்காலிகச் சட்டமும், 2016ஆம் ஆண்டிலே காணாமற் போனோர் பற்றிச் சான்றிதழ் வழங்கும் திருத்தமும் வந்தன. அவற்றைக் கொண்டு உதவி கேட்கச் செல்லும் மனைவியும் தான் மனைவி என்பதை முதலிலே காட்டவேண்டியவளாகவே இருக்கின்றாள். 'அரசாங்கத்துக்குக் கல்யாண வீட்டிலே என்ன அலுவல்' என்று கேட்கும் முதியோர்க்கு இப்பெண்களின் நிலையே விடை.

ஆனால் அரசு தன் எல்லையை மறந்ததற்கும் அண்மையிலே உதாரணம் உண்டு. வெளிநாட்டவர் ஒருவர் இலங்கையரை மணப்பதற்குப் பாதுகாப்பு அமைச்சின் அனுமதி வேண்டுமென்று 2022ஆம் ஆண்டுத் தொடக்கத்திலே ஒரு விதி நடைமுறைக்கு வந்தது. தீவகத்திலே வெளிநாட்டிலிருந்து மாப்பிள்ளையோ மணமகளோ வராத கிராமம் ஏது? அங்கே குடியுரிமை பெற்ற நம் பிள்ளைகளும் சட்டத்தின் கண்ணிலே வெளிநாட்டவரே. இருவர் மனமொத்து, பெற்றார் வாழ்த்தி, சட்டத்திலே தடையொன்றும் இல்லாதபோது, பாதுகாப்பு அமைச்சுக்கு அங்கே என்ன இடம்? அவ்விதிக்கு எதிராகப் பல பக்கத்திலுமிருந்து கண்டனம் எழுந்தது முற்றும் நியாயமே.

பெண்ணின் பங்கு

இன்னொன்றையும் சொல்லாது விடுதல் பிழை. 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாண விவாக உரிமை, மரபுரிமைச் சட்டத்தின்படி, தேசவழமைக்கு உட்பட்ட மனைவி தன் பெயரிலுள்ள காணியையும் கணவனுடைய எழுத்துமூலச் சம்மதமின்றி விற்கவோ ஈடுவைக்கவோ முடியாது. அவளுடைய பெற்றார் கொடுத்த சீதனக் காணிக்கும் இதே விதி. அந்நியர் காலத்திலே எழுதப்பட்ட இவ்விதி தன்னாட்சி வந்த பின்பும் மாறவில்லை. கணவன் காணாமற் போனால் எவரிடம் சம்மதம் பெறுவது? நீதிமன்றத்தை நாடவேண்டும். விவாகத்தினால் பெண் தன் பொருளின்மேல் உரிமை குன்றுகின்றாள் என்றால், அந்தப் பகுதியிலே அரசு வகுத்த வரையறை திருத்தப்பட வேண்டியதே. 1707இலே பன்னிரண்டு முதலியார்களிடம் கேட்டது போலக் கேட்கட்டும். ஆனால் இம்முறை பெண்களிடமும் கேட்கட்டும்.

முடிவாக

நானூறு ஆண்டு வரலாறு நமக்குச் சொல்வது யாது? விவாகத்தை உண்டாக்குவது அரசன்று. இருவர் மனமும், உற்றார் வாழ்த்தும், அவரவர் நம்பும் தெய்வத்தின் திருமுன்னிலையும் அதனை உண்டாக்குகின்றன. அதிலே அரசு புரோகிதராக வந்து அமர்ந்தபோதெல்லாம் நாடு பொய் வாழ்க்கை வாழ்ந்தது. அரசு முற்றும் விலகி நின்றபோது எளியோரும், பெண்களும், குழந்தைகளும் வலியோர் கையிலே அகப்பட்டனர். ஆகவே அரசுக்கு உரிய இடம் சாட்சியின் இடம். பராயம் வந்தவரா, மனம் ஒப்பியவரா, முன்னரே மணந்தவரா என்று அது கேட்கட்டும்; கேட்டு எழுதி வைக்கட்டும்; எழுதியதைப் பேணிக் காக்கட்டும். எந்தக் கோயில், எந்த மந்திரம், எந்தக் குலம் என்று அது கேட்க வேண்டாம்.

சங்கத்து இளைஞர்களே! நீங்கள் செய்யக்கூடியன சில உண்டு. உங்கள் கல்யாணத்தைத் தவறாது பதியுங்கள். சான்றிதழின் பிரதிகளை இரண்டு மூன்று இடங்களிலே பேணுங்கள். உங்கள் பாட்டன் பாட்டியர், பெற்றோர் ஆகியோரின் விவாகம் பதியப்பட்டதா என்று கேட்டறியுங்கள். பதியப்படாதிருந்தால், சாட்சி சொல்லக்கூடிய முதியோர் உயிரோடிருக்கும்போதே வேண்டியதைச் செய்யுங்கள். ஊரிலே கணவனை இழந்து தாளொன்றின்றித் தவிக்கும் பெண்ணைக் கண்டால், அவளோடு கூடக் கச்சேரிக்குப் போய்வாருங்கள். அதுவும் சிவத்தொண்டே.

பெரியோர்களே! பதிவாளரின் மேசையைப் பந்தலின் மூலையிலே ஒதுக்கிவைக்க வேண்டாம். தொல்காப்பியர் காலத்து மூத்தோர் எந்தப் பொய்யைத் தடுக்கச் சடங்கை வகுத்தனரோ, அதே பொய்யைத் தடுக்கவே அந்த ஏடும் அங்கே விரிந்திருக்கின்றது. குறிகட்டுவானிலிருந்து வள்ளமேறி, காற்றையும் அலையையும் தாண்டி அந்த ஏட்டோடு வந்தவருக்கும் ஒரு பந்தி இலை போடுங்கள்.